பாடு என்னும் சொல்

பழவேற்காட்டு ஏரிக்கரையில் வந்து நிற்கும் அயலூரான் ஒருவன், வலையை உதறிக்கொண்டிருக்கும் மீனவரிடம் அன்றைய நிலவரத்தை விசாரித்தால், ‘பாடு’ என்ற ஒரே சொல்லை அரைமணி நேரத்துக்குள் நான்கு பொருள்களில் கேட்க நேரும். மீன்பாடு எப்படி என்று கேட்டால், வலையில் விழுந்த மீன் எவ்வளவு என்று பொருள். இன்றைக்கு யார் பாடு என்று கேட்டால், எந்த ஊராருக்கு எந்த நீரில் வலை கட்டும் முறை வந்திருக்கிறது என்று பொருள். படாத பாடு என்றால், ஜீவனத்தின் பொருட்டு அனுபவித்த துயரம். அது அவன் பாடு என்று சொல்லிவிட்டாலோ, அதற்குமேல் அந்த விஷயத்தில் தலையிடப் பிறருக்கு உரிமை இல்லை என்ற தீர்ப்பு. அகராதியைப் புரட்டினால் பெருமை, பக்கம், ஓசை, உறக்கம், மறைவு, மரணம் என்று அச்சொல்லின் சந்ததி இன்னும் விரிந்துகொண்டே போகிறது. பின்னொட்டாக நின்றால் வழிபாடு ஆகிறது, கோட்பாடு ஆகிறது, பண்பாடு ஆகிறது; இந்நூற்றாண்டுக்காரர்கள் மிகவும் விரும்பும் வெளிப்பாடும் ஆகிறது.

இதைச் சொல் விளையாட்டு என்று வாசகர் தள்ளிவிடலாகாது. மனிதன் தன்னைத் தானாக உணர்வதும், தன்னை வெளியிடுவதும், தன்னினும் பெரிய ஒன்றை நம்பித் தன்னை அதனிடம் ஒப்புவிப்பதும் வெவ்வேறு காரியங்கள் என்றும், முதலிரண்டையும் அடைய வேண்டுமானால் ஊரையும் சம்பிரதாயத்தையும் உதறிவிட்டு வெளியேற வேண்டும் என்றும், மேனாட்டு நூல்களைப் படித்த பழக்கத்தில் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் ஓர் ஏரியின் மக்கள் தங்கள் உழைப்புக்கும் பங்குக்கும் துன்பத்துக்கும் தனியுரிமைக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எத்தனையோ தலைமுறைகளாக வாழ்ந்திருக்கிறார்கள் என்றால், அந்தச் சொல்லுக்குள் தனிமனிதன் எங்கே நிற்கிறான் என்று தேடிப் பார்ப்பது வீண் வேலையாகாது என்பது என் அபிப்பிராயம்.

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலுமாகப் பரந்து கிடக்கும் இந்த ஏரி, நம் நாட்டின் உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாகப் பெரியது. தெற்கே ஆரணியாறும் வடமேற்கே காளங்கியும் நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்க, முகத்துவாரத்தின் வழியே கடல் உப்பைக் கொண்டுவந்து சேர்க்கிறது. வங்கக் கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா ஒரு நீண்ட மணல்வரம்பாகப் படுத்திருக்கிறது. பரப்புக்கு ஏற்ற ஆழம் இதற்குக் கிடையாது. பெரும்பகுதியில் இடுப்பளவு நீர்தான். கடலில் பிறந்த இறால் குஞ்சுகள் ஏற்றத்தோடு உள்ளே வந்து, இந்த ஆழமற்ற நீரில் வளர்ந்து, பருவம் வந்ததும் வற்றத்தோடு கடலுக்குத் திரும்புகின்றன. அப்படித் திரும்பும் வழியில், கழிகளை நட்டு, நீரோட்டத்துக்கு எதிராக வாயைத் திறந்தபடி வலையைக் கட்டி வைத்தால், இறால் தானே வந்து விழும். ஆனால் அது விழும் இடங்கள் சில. ஓடைகளும் துறைகளும் முகத்துவாரத்தை ஒட்டிய சில நீர்த்தடங்களும்தான். வலை கட்ட விரும்புவோரோ பலர்.

இந்த இடர்ப்பாட்டிலிருந்து பிறந்ததே பாடு முறை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களைச் சேர்ந்த, பட்டினவர் என்னும் மீனவச் சாதியார், இறால் விழும் நீரைப் பாடுகளாக வகுத்துக்கொண்டு, எந்நாள் எவ்வூருக்கு, ஊருக்குள் எவ்விடம் எவருக்கு என்பதைச் சுழல் முறையாலும் சீட்டாலும் முடிவு செய்துகொள்கிறார்கள். இன்று நல்ல ஓடை கிடைத்தவனுக்கு நாளை அதே ஓடை கிடையாது. இன்று வெறும் நீரில் கழி நட்டவனுக்கு நல்ல இடம் ஒருநாள் வந்தே தீரும். பணக்காரன் நல்ல நீரை விலைக்கு வாங்கிவிட முடியாது. பலசாலி முந்திக்கொண்டு போய்ப் பிடித்துக்கொள்ள முடியாது. ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய ஸ்தாபனத்துக்காக செபாஸ்டியன் மேத்யூ 1991இல் இம்முறையை ஆராய்ந்து எழுதியது முதல், பொதுச்சொத்தைப் பாழாக்காமல் பகிர்ந்துகொள்ளும் வழி என்னவென்று தேடும் உலக அறிஞர்களின் ஏடுகளில் பழவேற்காட்டின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. (ஊர்ப் பெயர்களை ஒன்றாய்ச் சேர்த்துப் படித்தால் கோட்டை, ஆண்டி, மாதா என்று மூன்று உலகங்கள் வரிசையாய் நிற்பது தற்செயலாக இருக்கலாம், ஆனால் இந்தக் கரையின் சரித்திரத்தை அவற்றினும் சுருக்கமாகச் சொல்ல என்னால் இயலாது.)

சீட்டு என்பது என்ன? நம் கையில் இருக்கும் தீர்மானத்தை நம் கைக்கு வெளியே வைத்துவிடுவது. அதனால்தான் சீட்டைக் குலுக்குவதில் எப்போதும் வழிபாட்டின் சாயல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதே தொண்டை நாட்டில் உத்தரமேரூரில், சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, எதுவும் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் செய்து, ஊர் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்த வரலாற்றைச் சொல்கின்றன. ஏதென்ஸ் நகரத்தாரும் தங்கள் அதிகாரிகள் பலரைச் சீட்டால்தான் தேர்ந்தார்கள். தேர்தல் சிலருக்கே உரியது, சீட்டே ஜனநாயகத்துக்கு உரியது என்று அரிஸ்டாட்டில் கருதினார். கடலுக்கு அப்பால் இலங்கையின் மேற்குக் கரையில், சிங்களம் பேசும் மீனவரிடையேயும் வலை இடும் உரிமையைக் குறிக்கப் ‘பாடு’ என்ற நம் சொல்லே புழங்குகிறது. நீர்கொழும்பு ஏரியில் கழிநட்டு வலை கட்டும் உரிமையைக் கத்தோலிக்க மீனவரின் சங்கங்கள் சீட்டால் பகிர்ந்துகொள்கின்றன. பட்டினவர் அம்மனை நினைத்துச் செய்யும் காரியத்தை அவர்கள் அந்தோனியாரை நினைத்துச் செய்கிறார்கள். இறாலுக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை.

ஆனால் சீட்டு இடத்தைத்தான் தரும், மீனைத் தராது. கழியை எவ்வளவு ஆழத்தில் ஊன்றுவது, வலையின் வாயை எந்தப் பக்கம் சற்றே சாய்ப்பது, அமாவாசைக்கு முன்னும் பின்னும் ஓட்டத்தின் வேகம் எப்படி மாறும், தண்ணீரின் நிறம் கலங்கினால் எதற்காகக் காத்திருப்பது, எப்போது வலையைத் தூக்குவது என்பவை எல்லாம் எந்த ஊர்க்கூட்டமும் விதிக்காத, எந்தச் சீட்டும் பகிராத காரியங்கள். ஒரே ஓடையில், ஒரே நிலவில், இருவர் வெவ்வேறு நாளில் கட்டிய வலைகளில் விழுந்ததை ஒப்பிட்டு, ஊரார் ஒருவனைக் கைராசிக்காரன் என்கிறார்கள். அவனோ அதை அம்மன் கொடுத்தது என்கிறான். ஊரார் சொல்வதும் அவன் சொல்வதும் அவனுடைய அறிவுக்கு வேறு பெயர்கள்தான் என்று நமக்குத் தோன்றினாலும், அவன் அப்படிச் சொல்லிக்கொள்ள மாட்டான். விதி எங்கே முடிகிறதோ அங்கே அந்த மனிதனின் கை ஆரம்பிக்கிறது. தன் பாடு என்று அவன் சொல்வது இந்த இடத்தைத்தான் என்று நான் நினைக்கிறேன்.

இதுவரை எழுதியதை இப்படியே விட்டுவிட்டால், ஏரியை ஓர் ஆசிரமமாக ஆக்கிவிட்ட தோஷம் என்னைச் சேரும். குடத்தில் ஓலை இட யாருக்கு உரிமை என்ற கேள்வி, ஓலையை யார் எடுப்பது என்ற கேள்விக்கு முந்தியது. உத்தரமேரூரில் வரி கட்டும் நிலமும், சொந்த மனையும், வேதப் பயிற்சியும், முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயதும் உடையவர்க்கே அந்த உரிமை. பழவேற்காட்டில் தலைக்கட்டு ஆக வேண்டும். அதாவது, அந்தச் சாதியில், அந்த ஊரில் பிறந்து, மணம் முடித்து, ஊர்வரி கொடுக்கும் ஆண்மகனாக இருக்க வேண்டும். ஏரியைச் சுற்றி வாழும் தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கும் இருளர் பழங்குடியினருக்கும் பாடு இல்லை. அயல்நாட்டுச் சந்தையில் இறாலுக்குப் பொன் விலை வந்த பிறகு, பாடு இல்லாதவர்களும் வலை கொண்டு இறங்க, ஏரியில் சச்சரவும் வழக்கும் மூண்டதில் ஆச்சரியம் இல்லை. வறுமையிலிருந்து ஒரு கூட்டத்தாரைக் காத்த அதே வேலி, வேலிக்கு வெளியே இருந்தவரை வறுமையில் வைத்தது. ஒழுங்கை மெச்சுகிறவர்கள் இதையும் சேர்த்தே மெச்ச வேண்டியிருக்கும், என்னால் அது இயலவில்லை.

பெண்களுக்கோ தலைக்கட்டே கிடையாது. பிடித்த மீனை விற்றுக் காசாக்குவதும், அந்தக் காசில் குடும்பத்தையும் மறுநாள் தொழிலையும் ஓட்டுவதும் அவர்கள் பொறுப்பு. நீரில் மட்டும் பங்கு இல்லை. இருளப் பெண்கள் வலையும் படகும் இன்றி, கழுத்தளவு நீரில் அமர்ந்தவாறு நகர்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். இரண்டு கைகளும் சேற்றில் இருப்பதால், பிடித்ததைப் போடும் பனையோலைப் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். மணிக்கணக்கில் பேச்சு இல்லை. சுய வெளிப்பாட்டைப் பற்றி எழுத உட்காரும் எவனும் அந்தக் கடித்த வாயை ஒரு கணம் நினைத்துவிட்டு எழுதுவது நல்லது.

இனி, ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1613இல் ஒல்லாந்தர் இங்கே கெல்டிரியா என்ற கோட்டையை எழுப்பி, 1690இல் நாகப்பட்டினத்துக்கு இடம் பெயரும் வரையில் சோழமண்டலக் கரை முழுவதற்கும் இதையே தங்கள் தலைமையிடமாக வைத்திருந்தார்கள். அவர்களுடைய பாதிரியாராக 1632இல் இவ்வூருக்கு வந்து பத்தாண்டுகள் இருந்தவர் ஆபிரகாம் ரோஜேரியஸ். அஞ்ஞானிகளின் மதத்தை அறிந்துகொள்ள விரும்பிய அவருக்கு, போர்த்துகீசிய மொழி அறிந்த பத்மநாபன் என்ற பிராமணர் துணையாய் வாய்த்தார். இவர் சொல்ல அவர் எழுதினார். நூல் அச்சேறியது 1651இல், லெய்டனில். ஆசிரியர் அதற்கு இரண்டாண்டு முன்பே காலமாகிவிட்டார். மறைந்து கிடக்கும் அஞ்ஞானத்துக்கு ஒரு திறந்த கதவு என்று பொருள்படும் தலைப்பு அதற்கு. சமஸ்கிருதக் கவி பர்த்ருஹரியின் நீதி சதகமும் வைராக்கிய சதகமும் அதில் ஒல்லாந்து உரைநடையாக வந்தன. சமஸ்கிருதக் கவிதை ஐரோப்பிய மொழி ஒன்றில் அச்சானது அதுவே முதல் தடவை. அதன் ஜெர்மானிய வடிவம் பல கை மாறி, 1792இல் ஹெர்டர் என்ற சிந்தனையாளர் இந்தியப் பிராமணர்களின் எண்ணங்கள் என்று சில கவிதைகளைத் தொகுக்கக் காரணமாயிற்று. சேறும் உப்பும் மணக்கும் ஒரு குப்பத்தில், இரவல் மொழியில் இருவர் பேசிக்கொண்டது எவ்வளவு தூரம் போயிருக்கிறது, பாருங்கள்.

ஆனால் என் மனம் நிற்கும் இடம் வேறு. பர்த்ருஹரிக்குச் சதகங்கள் மூன்று. மூன்றாவதான சிருங்கார சதகத்தை விளக்கிச் சொல்லப் பத்மநாபனுக்கு மனம் இல்லை என்று ரோஜேரியஸ் குறித்திருக்கிறார். காரணம் விளங்கச் சொல்லப்படவில்லை. அன்னிய மதகுருவின் முன் காமத்தைப் பேசக் கூசினாரா, தம் மதத்தை வைராக்கிய முகத்தோடு மட்டும் காட்ட விரும்பினாரா, அல்லது இவ்வளவு சொன்னது போதும், இது என் பாடு என்று வாயை மூடிக்கொண்டாரா என்று ஊகிக்கலாம். அந்த நூல் முழுவதிலும் பத்மநாபன் ஒரு சாதியின் குரலாக, ஒரு சாஸ்திரத்தின் நாவாகவே பேசுகிறார். பிராமணர் இப்படிச் செய்வர், இப்படி நம்புவர் என்று சொல்லிக்கொண்டு போகிறார். மறுத்த அந்த ஓரிடத்தில்தான், பெயரும் விருப்பு வெறுப்பும் உடைய ஒருவராக அவர் நமக்கு எதிரே வந்து உட்காருகிறார். கதவைத் திறந்தவரே ஓர் அறையைப் பூட்டிக்கொண்டார். வெளியிடுவதில் மட்டும் அல்லாமல், வெளியிடாமல் வைத்துக்கொள்வதிலும் மனிதன் தன்னை உறுதிப்படுத்திக்கொள்கிறான் என்பதற்கு இதைக் காட்டிலும் நல்ல சாட்சி இந்தக் கரையில் எனக்குக் கிடைக்கவில்லை.

ஒல்லாந்தரின் கோட்டை இன்று முட்செடி மண்டிய மேடு. கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் நன்றாக இருக்கிறது. வாயிலின் இருபுறமும் எலும்புக்கூடுகள் செதுக்கப்பட்டு, வருபவனுக்குக் காலத்தையும் மரணத்தையும் நினைவுறுத்துகின்றன. உள்ளே கருங்கல் பலகைகளில் பெயர், பிறந்த ஊர், வகித்த பதவி, வாழ்ந்த ஆண்டு, மாதம், நாள் என்று ஒவ்வொருவரும் தம்மைச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். மரணம் அனைவரையும் சமமாக்கும் என்று வாயிலில் உணர்த்திவிட்டு, உள்ளே பதவியின்படி கல் வைத்த அந்த முரண்பாட்டை அவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. அதே காலத்தில், இதே துறையிலிருந்து, பஞ்சத்தில் விற்கப்பட்டும் படையெடுப்பில் பிடிபட்டும் வந்த ஆயிரக்கணக்கான தமிழரும் தெலுங்கரும் அடிமைகளாக ஜாவாவிலுள்ள பத்தாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்கில் அவர்கள் எண்ணிக்கை, அவ்வளவே. அந்த எண்ணுக்குள் இருந்த ஒருத்தி எந்த அம்மனை வேண்டினாள், கப்பலின் அடித்தளத்தில் எந்தத் தாலாட்டை முணுமுணுத்தாள் என்பதற்கு எந்தக் கல்லும் இல்லை.

பெயர் வாழ்ந்ததும் ஊர்ப் பெயராக மட்டுந்தான். பழவேற்காட்டுத் துறையில் ஏற்றுமதியான கட்டமிட்ட துணி தென்கிழக்காசியாவில் அவ்வளவு பிரசித்தி பெற்றதால், மலாய்க்காரர் இன்றும் தொழுகைக்குப் போகும்போது உடுத்தும் கைலியை ‘பெலெகாட்’ என்றே அழைக்கிறார்கள். ஒல்லாந்தர் வாயில் பலியகாட்டு என்று திரிந்த நம் ஊரின் பெயர்தான் அது. சாயம் தோய்த்த கை எது, கட்டத்தின் அகலத்தைத் தீர்மானித்த கண் எது என்று தெரியாது. ஆனாலும் ஏதோ ஒரு நெசவாளியின் ரசனை ஜாவாவிலும் மலாக்காவிலும் ஒரு சமூகத்தாரின் வழிபாட்டு உடையாக நிலைத்துவிட்டது. வெளிப்பாடு என்பதற்குக் கையொப்பம் அவசியமா என்று இந்தத் துணியைப் பார்த்தால் சந்தேகம் உண்டாகிறது.

வழிபாட்டைப் பற்றிச் சில வார்த்தைகள். லாடரைட்டு என்னும் செம்புரைக் கல்லால் கட்டிய ஆதிநாராயணப் பெருமாள் கோயிலும், அரபுநாட்டிலிருந்து வந்தவர்களின் வழிவந்தோம் என்று சொல்லிக்கொள்ளும் முஸ்லிம்களின் பள்ளிவாசல்களும், 1515இல் போர்த்துகீசியர் நிறுவியதாகப் பரம்பரையாய்ச் சொல்லப்படும் மகிமை மாதா ஆலயமும் நடந்துபோகும் தூரத்துக்குள் இருக்கின்றன. சமரசம் என்று இதைப் புகழ்ந்து எழுதுவது எளிது, பலரும் எழுதிவிட்டார்கள். என் கவனத்தை ஈர்ப்பது நேர்த்திக்கடன். ஊர்த் திருவிழாவும் அதன் வரியும் பொதுவானவை. ஒப்புக்கொள்ளாதவன் ஊரில் இருக்க முடியாது. ஆனால் வேண்டுதல் தனியானது. கடலுக்குப் போனவன் பொழுது சாய்ந்தும் திரும்பாத போது, அவன் மனைவி எந்தச் சந்நிதியில் என்ன சொன்னாள், என்ன தருவதாக ஒப்புக்கொண்டாள் என்பதை ஊர்த்தலைவரான நாட்டாரும் கேட்பதில்லை, பாதிரியாரும் கேட்பதில்லை. சோழமண்டலக் கரை நெடுகிலும் மாதா கோயில்களில் பொட்டு வைத்த பெண்கள் மெழுகுவர்த்தியுடன் நிற்பதன் ரகசியம் இதுதான். தலைக்கட்டு இல்லாதவளுக்கும், சீட்டில் பெயர் இல்லாதவளுக்கும், தன் பாடு என்று சொல்லிக்கொள்ள இந்த ஓர் இடம் உண்டு.

இந்நூற்றாண்டில் ஏரி மெலிந்துவருகிறது. முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொள்கிறது. ஆறுகள் கொண்டுவரும் வண்டலால் ஆழம் குறைகிறது. தெற்கே எண்ணூர்ப் பக்கத்தில் துறைமுகங்களும் அனல்மின் நிலையங்களும் பெருகிவிட்டன. வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் 1971 முதல் ராக்கெட்டுகள் கிளம்புகின்றன, கிளம்பும் நாளில் கடலுக்குப் போகலாகாது. முகத்துவாரம் அடைபட்டால் இறால் குஞ்சு உள்ளே வராது. அப்போது சீட்டில் விழுந்த நல்ல ஓடையும் வெறும் நீர்தான். இளைஞர் பலர் சென்னைப் பக்கத்து ஆலைகளுக்குப் போகிறார்கள். இங்கு வந்து ஆராய்ந்த சாரா கூல்தார்ட் என்ற ஆங்கில அறிஞர், பாடு உடையவர்களுக்கு அது மீன் பிடிக்கும் அனுமதி மட்டும் அன்று, ஊரில் ஒரு ஸ்தானம், ஒரு கௌரவம் என்றும், வருமானம் குறைந்த பின்னும் அதை விட்டுவிடத் தயங்குகிறார்கள் என்றும் எழுதினார். அகராதியில் பாடு என்ற சொல்லுக்குப் பெருமை என்றும் ஒரு பொருள் உண்டு என்பதை அவர் அறிந்திருக்க நியாயம் இல்லை. ஏரியே அதை அவருக்குச் சொல்லியிருக்கிறது.

பண்பு என்பதற்குக் கலித்தொகை தரும் விளக்கத்திலும் இந்தப் பாடு வருகிறது. ‘பாடறிந்து ஒழுகல்’, அதாவது உலகத்தார் இயல்பை அறிந்து அதற்கு ஏற்ப நடத்தலே பண்பு என்ற கருத்து அது. அப்பாட்டு, கடலும் கழியும் சேர்ந்த நெய்தல் பகுதியில் அமைந்திருக்கிறது. பிறர் பாட்டை அறிவது என்றால், யார் பாடு யாருக்குத் தெரியும் என்ற கேள்வி உடனே எழுகிறது. பாடு உடையவன் பாடு ஆராய்ச்சி ஏடுகளில் ஏறிவிட்டது. பத்மநாபன் பாடு லெய்டன் வரை போயிற்று. ஒல்லாந்தன் பாடு கருங்கல்லில் இருக்கிறது.

வற்றம் முடியும் வேளையில் இருளப் பெண்கள் கரையேறுகிறார்கள். சேலையைப் பிழிந்துகொண்டு, முதலில் பல்லிடுக்கிலிருந்து கயிற்றை விடுவித்து, பறியைக் கீழே வைக்கிறார்கள். தாடையைக் கையால் ஒருமுறை தேய்த்துவிட்டுக்கொண்டு, காத்திருக்கும் வியாபாரியிடம் அவர்கள் பேசும் முதல் வார்த்தை, இன்றைக்கு இறால் என்ன விலை என்பது.